புரோகிதர் பட்டம் நமக்கெதற்கு?

கடவுள் இல்லை என்பவருக்குப் பாதிரியார் பட்டம்! கேட்கவே வேடிக்கையாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவில் இது அன்றாடம் நடக்கிறது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கிர்பி ஹென்ஸ்லி என்பவர் நிறுவிய ‘யுனிவர்சல் லைஃப் சர்ச்’, கேட்டவர்க்கெல்லாம் பட்டம் தருகிறது. நம்பிக்கை என்ன என்று விசாரிப்பதில்லை. வேதம் படித்தாயா என்று வினவுவதில்லை. அன்று தபாலில் வந்த பட்டம், இன்று இணையத்தில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது.

நாத்திகருக்கு இந்த ஆசை ஏன்? ஆசையல்ல தோழர்களே, அவதி! அங்கே பல மாநிலங்களில் திருமணம் நடத்திவைக்கும் உரிமை மதகுருவுக்கும் நீதிபதிக்கும் சில அதிகாரிகளுக்கும்தான் உண்டு. நண்பன் திருமணத்தை நண்பன் நடத்திவைக்க வேண்டுமானால், காகிதத்திலாவது அவன் பாதிரியாராக வேண்டும். இதைக் கண்டு மதவாதிகள் சீறுகிறார்கள். டென்னசி மாநிலம் இணையத்தில் பட்டம் பெற்றவர் திருமணம் நடத்தக் கூடாதென்று 2019இல் சட்டமே போட்டது. பகுத்தறிவாளர்களோ, “நம்பாத அங்கியை நாங்கள் ஏன் மாட்ட வேண்டும்?” என்று வழக்காடினார்கள். இந்தியானா மாநிலத்தில், மதகுருவுக்கு உள்ள உரிமை மதமற்ற மனிதநேய அமைப்பினருக்கும் உண்டு என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்திலோ 2005 முதலே அத்தகையோர் நடத்தும் திருமணம் செல்லுபடியாகிறது.

நல்லது, மகிழ்கிறோம். ஆனால் நாம் நடந்த பாதை வேறு. அவர்கள் புரோகிதரின் நாற்காலியில் தமக்கும் இடம் கேட்டார்கள். நாமோ, அந்த நாற்காலியே வேண்டாம் என்று தூக்கி வெளியே வைத்தோம்!

அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் தந்தை பெரியார் தலைமையில் நடந்தது புரோகிதரில்லாத திருமணம். அடுத்த ஆண்டு செங்கற்பட்டு மாநாடு, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் மறுமண உரிமையும் சொத்துரிமையும் கேட்டது. ஏளனம் செய்தவர் எத்தனை பேர்! மந்திரம் இல்லாத மணம் மணமா என்றார்கள். 1953இல் சென்னை உயர்நீதிமன்றமும், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. எண்ணிப் பாருங்கள்: இருபது ஆண்டு குடும்பம் நடத்திய பெண் மனைவியில்லையாம், அவள் பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் உரிமையில்லையாம்! ஒரு மந்திரம் விட்டுப்போனதற்கு இவ்வளவு தண்டனை!

அந்த அநீதியைத் துடைத்தது அறிஞர் அண்ணாவின் ஆட்சி. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 1967இல் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர், அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். ‘அல்லது’ என்ற அந்தச் சிறு சொல்லைக் கவனியுங்கள். தாலியும் கட்டாயமில்லை என்பது அதில் அடங்கியிருக்கிறது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது உயிர் கொடுத்தது.

அதோடு ஓய்ந்தார்களா? இல்லை. உச்சநீதிமன்றம் 2001இல் 7-ஏ மணத்திற்கு ஏழடி நடக்கும் சடங்கு தேவையில்லை என்று தெளிவாக்கியது. ஆயினும் 2014இல் சென்னை உயர்நீதிமன்றம், வக்கீல் அறையில் மறைவாக நடக்கும் மணம் செல்லாது என்றது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தை நீக்கியது. உயிருக்கு அஞ்சி வரும் இணையரிடம் ஊரறிய அறிவி என்பது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும். வக்கீலும் நண்பர் என்ற முறையில் உடன் நிற்கலாம் என்றது.

உயிருக்கு அஞ்சி என்ற சொல்லின் பொருளைத் தருமபுரிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம்தான் சாக்கு! பென்னாகரத்துப் பிள்ளையும் அரூர்ப் பிள்ளையும் பெங்களூரில் ஒரே கட்டடத்தில் கல் சுமக்கலாம், ஒரே பானைச் சோறு உண்ணலாம். ஊர் திரும்பியதும் தெரு பிரிந்துவிட வேண்டுமாம்! புரோகிதர் போனார், சாதி போகவில்லை. சட்டம் வந்தது, துணிவு வந்ததா?

எனவே தோழர்களிடம் சில கேள்விகள். விடியற்காலையில் அய்யரை வைத்து ஓமம் வளர்த்துவிட்டுப் பத்து மணிக்குக் கொடி கட்டிய மேடையில் ‘சுயமரியாதைத் திருமணம்’ நடத்துகிறார்களே சிலர், அது யாரை ஏமாற்ற? ‘தலைவர் கையால் தாலி எடுத்துக் கொடுத்தால் ராசி’ என்கிறார்களே, அப்படியானால் தலைவர் புதிய புரோகிதரா? மணமக்கள் சொல்லும் உறுதிமொழிதான் திருமணம். நம் சொற்பொழிவு அல்ல. மணமகள் தன் வாயால் சொல்லட்டும். அதற்கு முன் அவளுக்குப் பதினெட்டும் அவனுக்கு இருபத்தொன்றும் நிறைந்தனவா என்று சான்றிதழைப் பாருங்கள். பிறகு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். மிரட்டல் வந்தால் போலீஸ் அதிகாரியிடம் அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்பும் தங்குமிடமும் தர வேண்டுமென 2018இல் உச்சநீதிமன்றம் பணித்திருக்கிறது.

வேலையும் முடியவில்லை. 7-ஏ இந்துக்கள் என்று சட்டம் கருதும் இருவருக்கே பொருந்தும். மதம் கடந்து மணப்போர் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்திடம் போக வேண்டும். அதுவோ முப்பது நாள் முன்னறிவிப்பைப் பலகையில் ஒட்டச் சொல்கிறது. அரிவாளுக்கு முப்பது நாள் அவகாசமா? அந்தப் பலகை அகற்றப்பட வேண்டும் என்பதே நம் அடுத்த கோரிக்கை.

பட்டம் வாங்கித் திருமணம் நடத்தும் தொல்லை நமக்கில்லை. பாரம் தூக்கும் தோழனும் பஸ் ஓட்டும் தோழனும் சட்டத்தின் கண்ணில் தகுதியான சாட்சிகளே. சாட்சிக் கையெழுத்துப் போட்ட கை, அந்த இணையரின் வாசலில் கூட்டம் திரளும்போது குறுக்கே நீளட்டும். அதுதான் நாம் செய்ய வேண்டிய ஒரே சடங்கு!