மந்திரித்த கயிறும் மாற்றிய கிருமியும்

பினாங்குத் தீவில் 1786-ஆம் ஆண்டு ஆங்கிலக் கொடியை நாட்டிய பிரான்சிஸ் லைட், எட்டே ஆண்டுகளில், 1794-இல், மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானார். அவருடைய கல்லறை ஜார்ஜ் டவுனின் பழைய புரொட்டஸ்டண்டு இடுகாட்டில் இன்றும் இருக்கின்றது. தீவை ஆண்டவரையே விடாத அக்காய்ச்சல், பின்னர் ஆளைத் தெரிந்து பிடிக்கக் கற்றுக்கொண்டது போலும்! வெள்ளைத் துரைமார் குளிர்ந்த காற்றை நாடிக் கொடிமலை மேல் மாளிகை கட்டிக்கொண்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோரோ, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடை முகாமைக் கடந்து, சதுப்பு நிலத்துக்கும் காட்டுத் தோட்டத்துக்கும் அனுப்பப்பட்டனர். குளிர் நடுக்கமும், வீங்கிய மண்ணீரலும், கசக்கும் கொய்னாவுமே அவருட் பலர் இந்நாட்டில் கண்ட செல்வம்.

பழங்கதையை இப்பொழுது கிளறுவதற்குக் காரணம் உண்டு. மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்னும் செய்தி பரவியதிலிருந்து, நம்மவரிடையே ஒரு பேச்சு உலவி வருகின்றது. “வைரஸ் என்னும் நோய்க்கிருமியை மாற்றி அமைத்து, அதனையே மருந்து சுமக்கும் வாகனமாக்குகிறார்களாம், நல்ல உடம்பில் கிருமியை ஏற்றுவது அறிவுடைமையா?” என்று கேட்கின்றனர். இப்படிக் கேட்போர் எழுத்தறியாதவர் மட்டுமல்லர். பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்போரும் அவருள் உளர். அதே வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டும் வழக்கம் மட்டும் நின்றபாடில்லை. கயிற்றில் என்ன இருக்கின்றது என்று கேட்பாரில்லை. ஊசியில் என்ன இருக்கின்றது என்பதற்கோ ஓராயிரம் கேள்வி! கேள்வி கேட்பது நன்று. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் கேட்டவர்க்கு விடையைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். ஆகவே அவ்விடையைக் கூறுவோம்.

முதலாவது, கிருமியைக் கொண்டு நோயைத் தடுப்பது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் 1796-இல் காட்டிய வழி, அடுத்த சில ஆண்டுகளிலேயே தமிழ்நாட்டை அடைந்தது. அதற்கு நம்மவர் இட்ட பெயரே அம்மை குத்துதல். அம்மைப்பால் என்று நாம் அழைத்த அந்த மருந்தில் இருந்தது என்ன? பெரியம்மைக்கு உறவான, உயிருள்ள வேறொரு வைரஸ்தான். அன்றும் பலர் அஞ்சினர். அம்மன் சினப்பாள் என்றனர். அம்மை குத்துபவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளை ஒளித்தனர். முடிவு என்னாயிற்று? 1980-ஆம் ஆண்டு, உலகில் பெரியம்மை அடியோடு ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பினாங்கு குயின் வீதி மாரியம்மன் கோயில் முதலாகக் கோயில்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன, பெரியம்மைதான் இல்லை. கிருமியை உடம்பில் ஏற்றுவதா என்று வினவுவோர், தம் பாட்டன் பாட்டியர் கையில் இருந்த அம்மை குத்திய தழும்பை மறந்தனர் என்றே கூறவேண்டும்.

இரண்டாவது, மாற்றிய கிருமி என்பது யாது? மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி, அனோபிலிஸ் கொசுவின் கடியால் நம் உடம்பிற் புகுந்து, சிறிது நேரத்திலேயே கல்லீரலை அடைந்து அங்கே மறைகின்றது. ஒரு வாரம் போல அங்கிருந்து ஆயிரமாயிரமாய்ப் பெருகி, பின் இரத்தத்தில் பாய்கின்றது. காய்ச்சல் காண்பது அப்பொழுதுதான். ஆகவே கல்லீரலில் ஒளிந்திருக்கும்போதே கள்வனைப் பிடிக்கவேண்டும். பிடிப்பதற்குக் கள்வனின் முகத்தை உடம்பின் காவற்படைக்கு முன்னரே காட்டி வைத்தல் வேண்டும். ஆக்ஸ்போர்டிலுள்ள ஜென்னர் ஆய்வுக்கூடத்தில் ஏட்ரியன் ஹில் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி வகுத்தனர். சிம்பன்சிக் குரங்கினிடமிருந்து எடுத்த அடினோ வைரஸ் ஒன்றில், அது பெருகுவதற்கு இன்றியமையாத மரபணுவை நீக்கினர். அவ்விடத்தில் ஒட்டுண்ணியின் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவை வைத்தனர். அவ்வாறு மாற்றிய வைரஸ் நம் உயிரணுவுக்குள் நுழையும். சுமந்து வந்த செய்தியைக் கொடுக்கும். தான் பெருகமாட்டாமல் அழியும்.

குரங்கின் கிருமி எதற்கு என்பர் சிலர். மனிதரிடையே உலவும் அடினோ வைரஸ்களை நம்மிற் பலர் சளியாகவும் காய்ச்சலாகவும் முன்பே கண்டிருப்பதால், நம் காவற்படை அவ்வாகனத்தை வாயிலிலேயே மறித்துவிடும். குரங்கின் கிருமியை அது முன்பின் அறியாது. ஆதலின் உள்ளே விடும். குரங்கைக் கும்பிடத் தயங்காதவர் குரங்கின் கிருமிக்கு மட்டும் நடுங்குவது விந்தையே! இரண்டாம் முறை ஊசி போடும்போது அதே வாகனம் வந்தால் காவற்படை அதனையும் அடையாளம் கண்டு மறிக்கும். ஆகவே மறுமுறைக்கு வேறு வாகனம் தேடினர். அதுவும் நமக்குப் பழைய உறவே. துருக்கியின் அங்காராவில் வழங்கிய அம்மைப்பால் வைரஸைக் கோழிக் கருவின் உயிரணுக்களில் ஐந்நூறு தடவைக்கு மேல் வளர்த்து வளர்த்து, மனித உடம்பில் பெருகும் வலிமையை அது இழக்கும்படி செய்திருந்தனர். 1970-களில் ஜெர்மனியில் நூறாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அது செலுத்தப்பட்டதுமுண்டு. அந்த அம்மைப்பாலே மலேரியாவின் முகத்தைச் சுமந்து வந்தது.

பலித்ததா என்று கேட்பீர்கள். 2015-இல் வெளியான கென்யா நாட்டு ஆய்வில், வளர்ந்தவர்களிடையே தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 67 பங்கு குறைந்தது. ஆனால் 2018-இல் வெளியான புர்க்கினா பாசோ நாட்டு ஆய்வில், குழந்தைகளிடம் அது பயன் தரவில்லை. ஆராய்ச்சியாளர் இரண்டையும் அச்சிட்டே வெளியிட்டனர். தோழர்களே, எந்த மந்திரவாதி தன் கயிறு இத்தனை பேர்க்குப் பலித்தது, இத்தனை பேர்க்குப் பலிக்கவில்லை என்று கணக்கு வெளியிட்டான்? எந்தக் குறிசொல்லி தான் சொன்னது பொய்த்தது என்று ஊரைக் கூட்டி அறிவித்தான்? தோற்றதைத் தோற்றது என்று சொல்லும் நேர்மையே விஞ்ஞானத்தின் பலம். அந்நேர்மையினாலன்றோ விஞ்ஞானம் முன்னேறுகின்றது!

இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகட்குப் போடப்படுபவை வேறு இரண்டு தடுப்பூசிகள். ஒன்றை 2021-லும், மற்றொன்றை 2023-லும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பின்னதை ஆக்ஸ்போர்டு அறிஞர் ஆக்க, இந்தியாவின் பூனா நகரத்துச் சீரம் நிறுவனம் பெருவாரியாகச் செய்து தருகின்றது. இவ்விரண்டிலும் உயிருள்ள வைரஸ் எதுவுமே இல்லை. ஈரல் அழற்சி பி வைரஸின் மேற்புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கி, அதன்மேல் மலேரியா ஒட்டுண்ணியின் புரதத் துண்டைப் பொருத்தியிருக்கின்றனர். சட்டை மட்டும் வருகின்றது, ஆள் வருவதில்லை. கிருமியை ஏற்றுகிறார்கள் என்று கூக்குரலிடுவோர், எந்த ஊசியில் எது இருக்கின்றது என்பதையேனும் அறிந்துகொண்டு கூவலாகாதா?

சிம்பன்சி வைரஸ் வாகனமும் நமக்குப் புதிதன்று. கோவிட் கொள்ளைநோயின்போது 2021-இல் இந்நாட்டில் போடப்பட்ட அஸ்ட்ராஜெனகா ஊசி அவ்வகையைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டிலுள்ள நம் உறவினர் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டுக்கொண்டதும் அதுவே. மிகச் சிலர்க்கு அதனால் இரத்தம் உறையும் கேடு நேர்ந்தது. அதனை மறைப்பது நம் நோக்கமன்று. அக்கேட்டைக் கண்டுபிடித்து எண்ணிக் கூறியவரும் விஞ்ஞானிகளே. மக்கள் அஞ்சியதால் மலேசிய சர்க்கார் அவ்வூசியைப் பொதுத் திட்டத்தினின்று விலக்கி, விரும்பி வருவோர்க்குத் தனி மையங்கள் திறந்தது. பதிவு தொடங்கிய சில மணி நேரத்தில் இடங்கள் நிரம்பின. நன்மையையும் தீமையையும் எடையிட்டுப் பார்க்க நம் நாட்டு மக்களுக்கு இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயின், ஐயுறவேண்டிய இடமும் ஒன்று உண்டு. அது ஊசிக்குள் இல்லை. ஊசி யாரிடம் போய்ச் சேர்கின்றது என்பதில் இருக்கின்றது. மலேரியாவைக் கொசுவே பரப்புகின்றது என்பதற்கான திறவுகோலை ரொனால்டு ராஸ் 1897-இல் சிகந்தராபாத்தில் கண்டார். 1901-இலேயே மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து நோயை அடக்கிக் காட்டினார். திறந்தவுடனே காய்ச்சலால் தத்தளித்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் அவ்வாறே காப்பாற்றப்பட்டது. அறிவு கைக்கு வந்துவிட்டது, வழியும் தெரிந்துவிட்டது. அதன்பின் பத்தாண்டு கழித்து, 1911-இல், கூட்டு மலாய் நாட்டுத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரவரில் அறுபதுக்கு மேற்பட்டோர் அவ்வோராண்டில் மாண்டனர். அம்மரணங்கட்கு மலேரியாவே தலையாய காரணம். துறைமுகத்துக்கு வந்த வடிகால் லயத்துக்கு ஏன் வரவில்லை? கப்பல் நின்றால் வியாபாரம் நிற்கும். கூலி செத்தாலோ அடுத்த கப்பலில் வேறு கூலி வருவான்! அந்தக் கணக்கே நம்மவரைக் கொன்றது, அறியாமையன்று.

அக்கணக்கு இன்னும் மறையவில்லை. மேற்கூறிய முதல் தடுப்பூசியின் வேலை 1987-இல் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளில் குழந்தைகட்கு அது வழங்கப்படத் தொடங்கியதோ 2019-இல். கோவிட் வைரஸ் அடையாளம் காணப்பட்ட அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, 2020 டிசம்பரில், தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களை உடைய மலேரியா ஒட்டுண்ணி மிகவும் சூழ்ச்சி மிக்கது என்பது மெய்யே. எனினும் முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு ஒட்டுண்ணியை மட்டும் குற்றம் சொல்லலாமா? 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் மலேரியாவால் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் ஆப்பிரிக்க ஏழைகளின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பணம் கொடுத்து வாங்கமாட்டாதவனுடைய நோய்க்கு மருந்து மெல்லத்தான் வரும். கம்பெனிகளின் இலாபவெறியைப் பழிப்போரோடு இவ்வளவில் நாமும் சேர்ந்துகொள்ளுகின்றோம். ஆனால் அவர் சொல்லும் முடிவு என்ன? ஆகையால் ஊசியே வேண்டாம் என்பதாம்! முதலாளி வடிகால் வெட்ட மறுத்தான் என்பதற்காக, வடிகாலே வேண்டாம் என்று தொழிலாளி சொல்லியிருப்பானா?

“இந்நாட்டில்தான் மலேரியா ஒழிந்ததே, நமக்கென்ன?” என்பாரும் உளர். மனிதரிடமிருந்து மனிதர்க்குப் பரவும் மலேரியா 2018 முதல் இந்நாட்டிற்குள்ளேயே தோன்றவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுவது உண்மையே, பெருமையுமே. ஆனால் குரங்கு மலேரியா இருக்கின்றது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் அது மனிதரைப் பெருவாரியாகப் பிடிக்கின்றது என்று பேராசிரியர் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் 2004-இல் உலகுக்கு அறிவித்தனர். அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை அது பிடிக்கின்றது. சிலரைக் கொல்லவும் செய்கின்றது. யாரை? காட்டோரத் தோட்டங்களில் உழைப்போரையும், மரம் வெட்டுவோரையும், சிறு விவசாயிகளையும். அந்நோய்க்கு இன்றைய இரு தடுப்பூசிகளும் உதவா. நம் பாட்டன்மார் குடியிருந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் உழைக்கின்றனர். நாம் நகரத்துக்கு வந்துவிட்டோம். காய்ச்சல் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றது. நமக்கென்ன என்னும் சொல், 1911-இல் துரைமார் நம்மைப் பார்த்துச் சொன்ன சொல்லன்றோ? அதனை நம் வாயால் திருப்பிச் சொல்லலாமோ?

மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியை ஆராய்க என்றாரேயன்றி, கயிறு கட்டச் சொன்னாரில்லை. ஆதலின் நாம் வேண்டுவன இவை. பிள்ளைகட்குரிய தடுப்பூசிகளைச் சர்க்கார் மருத்துவமனையில் தவறாது போடுங்கள். காட்டோர வேலைக்குப் போய்வந்தவர்க்குக் காய்ச்சல் கண்டால், அன்றைக்கே இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். கயிற்றுக்கும் விபூதிக்கும் நாளை இழக்காதீர்கள். தொழிற்சங்கங்கள், தோட்டத்திலுள்ள அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் கொசுவலையும் சோதனையும் மருந்தும் கிடைக்கின்றனவா என்று முதலாளிகளைக் கேட்கவேண்டும். குரங்கு மலேரியாவுக்குத் தடுப்பூசி காணும் ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்குமாறு, தமிழ்ப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்தவேண்டும். கோயில் விழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடும் நம் சமூகத்துக்கு, இத்துறையில் பயிலும் ஏழை மாணவர் சிலரைப் படிக்கவைக்கும் வலிமை இல்லாமற் போகாது. தோட்டத் தோழர்களும் நகரத் தோழர்களும் இதனைச் சிந்திக்குமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம்.