கடலின் பாரம்

கற்பனைக் கதை எழுதுவோர் தம் உலகிற்குப் புதிய அளவைகளை வகுக்கலாம். இயற்கையின் கணக்கை மாற்றுதல் இயலாது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் இதனை நன்கு உணர்ந்தவர். 1870-இல் நிறைவுற்ற அவரது கடலடிப் பயண நாவலில், 32 அடி உயர நீர்த்தூண் காற்றுமண்டல அமுக்கத்திற்குச் சமம் எனக் கதை கூறும் பேராசிரியர் திமிங்கில வேட்டைக்காரனுக்கு விளக்குகிறார்.

இன்றைய அளவையில் ஒரு காற்றுமண்டல அமுக்கம் 1,01,325 பாஸ்கல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ அவ்வளவு அமுக்கம் கூடுகின்றது.

நம் வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் பவளப் பாறைகள் உலகறிந்தவை. இக்கடல்களில் காற்றுக்கலம் பூட்டி மூழ்க விழையும் நம் பிள்ளைகள் இக்கணக்கை மறத்தலாகாது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ளிழுத்த காற்று, மேற்பரப்பை அடைகையில் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கி மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். தொடர்ந்து சுவாசித்தவாறே மெல்ல எழுதல் வேண்டும். பயிற்சியின்றி மூழ்குதல் கூடவே கூடாது. பெற்றோர் இதனை இல்லந்தோறும் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.