முந்நூறு குதிரையும் நாலு டயரும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள், பிறகு ஒரு மொபெட், இப்போது ஆட்டோ. என் வாகன வரலாறு அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருடம் வாகனப் பதிவுப் பிரிவில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் காகிதம் புரட்டியவனுக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய மகளின் பையன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். மாப்பிள்ளை வீட்டார் நம் ஊர்ச் சொல்தா குடும்பம், மூன்று தலைமுறையாகப் பிரான்சு. பையன் அங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது லியோன் பக்கம் வேலையில் இருக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க வராது. அதனால்தான் தைரியமாக இங்கே எழுதுகிறேன். அவன் அம்மாவுக்குப் படிக்க வரும் என்பது வேறு விஷயம்.

போன வருடம் பழைய அல்பீன் A110 ஒன்று வாங்கினான். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் டர்போ இஞ்சின், 252 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவை ஒட்டி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.5 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. நான் 'ஒன்று, இரண்டு, மூன்று, நாலு' என்று எண்ணுவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். பையனுக்கு அது போதவில்லையாம்.

"தாத்தா, பிக்கப் கொஞ்சம் ஏற்றப் போகிறேன். ஒருத்தன் ரீமேப் பண்ணித் தருகிறான். 252ஐ 300 ஆக்கிவிடுவான். அம்மாவிடம் சொல்லாதே."

"காகிதமெல்லாம்?" என்றேன்.

"சாப்ட்வேர்தானே தாத்தா. வெளியே ஒன்றுமே தெரியாது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இரவு தூங்கவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவன் கணக்கே தப்பு என்று காட்ட வேண்டும்.

அவன் கணக்கு இது: குதிரை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பிக்கப்பும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ரீமேப் கடைக்காரர்கள் விற்பதும் இந்தக் கணக்கைத்தான். காரை உருளை மேல் ஏற்றி, ஒரு கோடு மேலே போவதை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதே காரைச் செய்த கம்பெனி என்ன கண்டது? 2019இல் A110 S என்று ஒன்று விட்டார்கள். 292 குதிரை. அதாவது 40 குதிரை கூடுதல். 100ஐ எட்ட 4.4 விநாடி. நாற்பது குதிரைக்குக் கிடைத்தது பத்தில் ஒரு விநாடி! பிறகு 2022இல் அதை 300 குதிரையாக்கி, இழுவிசையையும் கூட்டியபோது 4.2 விநாடி. அதே வருடம் A110 R என்று இன்னொன்று வந்தது. அதே இஞ்சின், அதே 300 குதிரை, ஒன்றுகூட அதிகமில்லை. ஆனால் S வண்டியைவிட 34 கிலோ குறைவு, சக்கரத்தில் பந்தயத் தடத்துக்குச் செய்த மிஷ்லேன் டயர். 3.9 விநாடி. குதிரையே சேர்க்காமல் பத்தில் மூன்று விநாடி.

காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வீராம்பட்டினம் கடற்கரையில் உலர்ந்த மணலில் ஓடிப் பாருங்கள். தொடையில் எவ்வளவு வலு இருந்தாலும் கால் புதையும், ஆள் நகரமாட்டார். அலை நனைத்த இறுகிய மணலுக்கு வாருங்கள், அதே கால் பறக்கும். கார் கிளம்பும் முதல் இரண்டு விநாடியில் முதல் கியரில் இஞ்சின் கொடுக்கும் இழுவை டயர் தாங்குவதைவிட ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் குதிரை சேர்த்தால் சக்கரம் சுற்றும், இல்லையென்றால் கம்ப்யூட்டரே இஞ்சினை அடக்கும். காசு கொடுத்துச் சேர்த்த குதிரையை அந்த நேரத்தில் லாயத்திலேயே கட்டிப்போடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வேகம் பிடித்த பிறகு, 80இலிருந்து 120க்குப் போகும்போது, ரீமேப் வேலை செய்யத்தான் செய்யும். அங்கே டயருக்குப் பிடிப்பு இருக்கிறது, குறைவது சக்திதான். ஆனால் அதற்கும் விலை உண்டு. கம்ப்யூட்டரை ஏமாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றினால் சூடு ஏறும், கியர்ப் பெட்டியின் இரட்டைக் கிளட்சு கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டும். 2019இல் 40 குதிரை கூட்டிய அந்தக் கம்பெனிக்காரர்களே முறுக்கு விசையைத் தொடவில்லை. பழைய 320 நியூட்டன் மீட்டரிலேயே வைத்துக்கொண்டு, அதை இன்னும் உயரச் சுற்றுவரை இழுத்துப் பிடித்தார்கள். செய்தவன் தயங்கிய இடத்தில் விற்கிறவன் தயங்குவதில்லை.

எடை விஷயம் எனக்குச் சின்ன வயதிலேயே பாடமாயிற்று. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு எடுத்த மிசியே ஒரு ரெனோ 4CV வைத்திருந்தார். 'கத்ர் ஷெவோ', நாலு குதிரை. 747 சிசி இஞ்சின் பின்னால் இருக்கும். (அந்த நாலு குதிரை வரிக்கணக்குக் குதிரை. உண்மையில் இருபதை ஒட்டி இருக்கும். எழுத்தன் கணக்குக்கும் லாயத்துக் கணக்குக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?) விடுமுறை நாளில் எங்களில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டுப் பக்கம் போவார். ஏற்றத்தில் வண்டி முனகும். நிறுத்துவார். "இரண்டு பேர் இறங்கி நடங்கள்" என்பார். வண்டி விருட்டென்று ஏறிவிடும். மேலே போய்க் காத்திருந்து எங்களிடம் கேட்பார்: "இஞ்சினை மாற்றினேனா? வகுத்தல் கணக்குதானே செய்தேன்?"

அல்பீன் கம்பெனி பிறந்ததும் அந்தக் குட்டிக் காரிலிருந்துதான். தியேப் ஊர் ழான் ரெதெலே ரெனோ வியாபாரி. 4CVயை எடுத்துக்கொண்டு பந்தயங்களுக்குப் போனவர். மூன்று கியர் இருந்த வண்டிக்கு ஐந்து கியர் பெட்டி போட்டார். இருக்கிற கொஞ்சம் சக்தி வீணாகாமல் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். பிறகு கண்ணாடி நாரிழையில் மெல்லிய உடம்பு செய்தார். 1955இல் சொந்தக் கம்பெனி. அந்த வழியில் வந்த பழைய A110தான் 1973இல் முதல் உலக ராலி சாம்பியன் பட்டத்தைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தது.

பையனின் கார் அந்தப் பரம்பரை. உடம்பும் சட்டமும் அலுமினியம். ஒரு இருக்கை 13.1 கிலோ. பின் சக்கரத்துக் கைப்பிரேக்கைப் பெரிய பிரேக்கோடு ஒன்றாகச் சேர்த்து 2.5 கிலோ மிச்சம் பிடித்தார்கள். இரண்டரைக் கிலோவுக்காக இஞ்சினியர்கள் தலையை உடைத்துக்கொண்ட வண்டியில், நம் பிள்ளை பின்பெட்டியில் ஒரு கருவிப்பெட்டி, பெட்டித் தண்ணீர், விளையாட்டுச் சாமான் எல்லாம் நிரந்தரமாக வைத்திருக்கிறான். அவன் எடை 94 கிலோ. வண்டியும் அவனுமாக 1,200 கிலோ என்று வையுங்கள். 12 கிலோ குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. அது இரண்டரைக் குதிரை சேர்த்ததற்குச் சமம். பெட்டியைக் காலி செய்து, காலையில் ஒரு குருவாசானைக் குறைத்தால் ஐந்து குதிரை இலவசம். இதைச் சொன்னபோது சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சரி, 'வெளியே தெரியாது' என்ற பேச்சுக்கு வருகிறேன்.

1980களில் ஒரு டாக்சிக்காரர். அம்பாசடர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று டீசல் இஞ்சின் மாற்றினார். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான், ஒழுங்காக விண்ணப்பித்து ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்கினால் ஒரு குற்றமும் இல்லை. அவர் எழுதவில்லை. அலைய வேண்டுமே என்று விட்டிருப்பார். ஒரு ராத்திரி விழுப்புரம் சாலையில் லாரி மீது மோதி ஆள் போய்விட்டார். வண்டி அப்பளம். கடன் பாக்கி. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள், பதிவேட்டின் நகல் கேட்டார்கள். நகல் எழுதிக் கொடுத்தது நான். 'எரிபொருள்' என்ற கட்டத்தில் 'பெட்ரோல்' என்று என் கையால் எழுதி, முத்திரைக்கு அனுப்பினேன். விபத்துக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வண்டிக்கான பணம் மறுக்கப்பட்டது. அந்த அம்மா கையில் ஒரு குழந்தையோடு எங்கள் கவுன்டருக்கு எத்தனையோ முறை வந்தார். "ஐயா, அந்த ஒரு வார்த்தையை மாற்ற முடியாதா?" என்பார். முடியாது. முடியாது என்று சொன்னதும் நான்தான்.

பிரான்சில் சட்டம் இன்னும் கறார். போக்குவரத்துச் சட்டத் தொகுப்பின் R321-16 பிரிவு, குறிப்பிடத்தக்க மாற்றம் செய்த வாகனம் மறுபடியும் அங்கீகாரம் பெற வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸ் சட்டத்தில் L113-8 என்று ஒன்று இருக்கிறது: வேண்டுமென்றே மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது. தெரியாமல் விட்டிருந்தால் L113-9, கட்டிய பிரீமியத்தின் விகிதத்துக்கு இழப்பீடு குறையும். 'வெளியே தெரியாது, அம்மாவிடம் சொல்லாதே' என்று சொல்லிவிட்டுச் செய்கிறவன் இதில் எந்தப் பிரிவில் வருவான் என்று சொல்ல வக்கீல் வேண்டாம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க நேர்ந்தாலும், அந்தப் பணத்தை இவனிடம் திரும்பக் கேட்பார்கள். மருத்துவமனைச் செலவுக் கணக்கு ஆயுள் முழுக்கப் பின்னால் வரும்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் காதைப் பிளந்துகொண்டு போகிற பிள்ளைகளின் தாத்தாக்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பேரனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு ஒரு வரி இருக்கும், அதன் கடைசி நாலு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். எதற்கு என்று கேட்டான். அனுப்பு என்றேன். வந்தது: 2218. 2018ஆம் வருடத்தின் 22ஆவது வாரம். நாலு டயரும் அப்படியே. முன்பு வைத்திருந்தவர் அதிகம் ஓட்டாமல் கொட்டகையிலேயே வைத்திருந்திருக்கிறார், ரப்பர் மட்டும் சும்மா இருக்குமா? இறுகிப்போயிருக்கும். அதிலும் அது கோடைக்காலத்து டயர், லியோன் குளிரில் இன்னும் மரக்கட்டை. இதன் மேல்தான் முந்நூறு குதிரையைக் கட்டப் பார்க்கிறான். ரீமேப்புக்குப் பேசிய தொகையைக் கேட்டேன். அதற்குள் நாலு நல்ல டயர் போட்டு, பிரேக் திரவத்தையும் மாற்றிவிடலாம். பிக்கப்பும் நிஜமாகவே கூடும், நிறுத்தவும் முடியும்.

நேற்று அவனுக்குப் பிரெஞ்சில் எழுதினேன். பென்ஷன்காரனின் கடிதம்தான், அரசாங்க நடையில். டயர் செலவு என்னுடையது, நாளைக்கே அனுப்புகிறேன். ரீமேப் வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சம்மதக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு, பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரை அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம்.

நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.