வாடகை இராவணனுக்கு முதற்பரிசு

முன்பள்ளி விளையாட்டுப் போட்டியோ, பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியோ, வினோத உடை நிகழ்ச்சியில் ஆர் வெல்லுவினம் எண்டு இப்ப முதல்நாளே சொல்லிவிடலாம். நல்ல உடுப்பை வாடகைக்கு எடுக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான். பளபளக்கிற முடி, தங்க நிறப் பிளாஸ்ரிக் கவசம், இரண்டு பக்கமும் இராவணன்ர மிச்சத் தலைகள். பிள்ளை மைதானத்தைச் சுத்தி நடக்கும், அம்மா படம் எடுப்பா, பின்னேரம் உடுப்புத் திரும்பவும் கடைக்குப் போயிடும். வீட்டில மிஞ்சிறது ஒரு கிண்ணமும் போன் நிறையப் படமும். இதில போட்டி எங்க இருக்கு?

ஒக்ரோபர் கடைசியில இன்னொரு கூத்து நடக்கும். கனடாவில இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையள் ஹலோவீனுக்குப் பேயாயும் எலும்புக்கூடாயும் நிண்டு படம் போட, 'இது எங்கட கலாசாரமா?' எண்டு இங்கயிருந்து கொமென்ட் பறக்கும். கலாசாரக் காவலர்களே, ஸ்காபரோவில ஒரு பிள்ளை மட்டைப்பெட்டியை வெட்டி, வர்ணம் பூசி, தானே ஒரு ரோபோவாகி நிண்டால், அந்தப் பிள்ளை நீங்கள் வாடகைக்கு எடுத்த இராவணனை விட எங்கட கூத்துக்குக் கிட்ட நிக்குது. வேசம் எந்த நாட்டிலயிருந்து வந்தது எண்டு கேக்கிறதுக்கு முதல், ஆற்ற கை அதைச் செய்தது எண்டு கேளுங்கோ.

ஏனெண்டால் எங்கட மரபு அந்தக் கேள்வியில்தான் நிக்குது. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பை எடுங்கோ. அரச பாத்திரங்கள் போடுறது, இடுப்பிலயிருந்து மணி மாதிரி விரிஞ்சு நிக்கும். கோழி அடைக்கிற கரப்பு மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். அரசனின் உடுப்புக்கு ஊர் வைச்ச பேர் கோழிக்கூட்டின் பேர்! வீட்டு முற்றத்தில கிடந்த பொருளைப் பார்த்து ராச உடுப்பைக் கற்பனை செய்த சனம் நாங்கள். பகலில தோட்டமும் கடலும் எண்டு உழைச்சவை இரவில அதைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடிச்சினம்.

மினுக்கம்தான் வேசம் எண்டு நினைக்கிறவைக்கு இன்னொரு ஆளையும் ஞாபகப்படுத்திறம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து. அவர் பேரைச் சொன்னால் யாழ்ப்பாணத்துக்கு உடன ஞாபகம் வாறது மயான காண்டத்து அரிச்சந்திரன். நாடு போய், முடி போய், சுடலை காத்து நிக்கிறவன். இண்டைக்கு எங்கட போட்டிக்கு அந்த அரிச்சந்திரன் வந்தால் ஆறுதல் பரிசும் கிடையாது.

1990களின் முதல் பாதியில், பொருளாதாரத் தடைக்குள்ள படிச்ச எங்கட அம்மாமார் ஒரு கதை சொல்லுவினம். மின்சாரம் இல்லை, பற்றரி வராது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். அப்பவும் பாடசாலை மேடையில ராசா இருந்தாராம். ஈயத்தாள் ஒட்டின மட்டைதான் முடி, தும்புதான் தாடி, பாட்டியின்ர கூறைச்சீலைதான் பட்டு. நாங்கள் தடையைப் புகழ வரேல்லை. அது கொடுமை. ஆனா அந்தக் கொடுமைக்குள்ளயும் விடாமல் வைச்சிருந்த ஒரு கைப்பழக்கத்தை, கடை திறந்திருக்கிற காலத்தில நாங்களாகவே கைவிடுறதை என்னெண்டு சொல்லுறது?

இதை எழுதிற எங்களுக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் கிடைச்சது. எங்கட வேசங்களை ஒரு தாளில எழுதிப் பார்த்தம். உரச்சாக்கைப் பிரிச்சுத் தைச்ச கரடி. பிறிஸ்டல் போட் தபால்பெட்டி. பனையோலைச் செதில் வைச்ச மீன். உடைஞ்ச குடையில செய்த வௌவால். வௌவாலின்ர செட்டை முதல் வருசம் தொங்கிக்கொண்டுதான் கிடந்தது. அடுத்த வருசம் துணியோட சேர்த்துக் குடைக்கம்பியையும் வைச்சுக் கட்டினம், கையைத் தூக்க விரிஞ்சது. பரிசு இல்லை. ஆனா குடைக்கம்பி எந்த மூட்டில மடியும் எண்டு இண்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம்.

'வேலைக்குப் போற தாய்மாருக்கு இதுக்கெல்லாம் நேரம் எங்க?' எண்டு கேப்பீங்கள். நியாயமான கேள்வி. செய்யிற வேலை முழுக்க அம்மாமாரின்ர தலையில விழுந்ததாலதான் வாடகைக் கடை வெண்டது. உடுப்பு வாடகைக்குக் குடுக்கிறவரோட எங்களுக்குக் கோவம் இல்லை, அது அவற்ற பிழைப்பு. நாடகக்காரரும் அந்தக் காலத்தில உடுப்பும் சீனும் வாடகைக்கு எடுத்தவைதான். அவை பரிசு வாங்கினது உடுப்புக்கில்லை, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும். நாங்கள் உடுப்பையே போட்டியாக்கி, அதையும் காசுக்கு வாங்கிறம். வாடகைக் காசு இல்லாத பிள்ளை 'எனக்கு விருப்பமில்லை' எண்டு சொல்லிக் கொட்டிலுக்குள்ள இருக்குது. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே விருப்பமில்லை எண்டு நம்பிறீங்களா?

அதிபர்மாருக்கும் முன்பள்ளி ஆசிரியைமாருக்கும் மூண்டு விசயம் சொல்லுறம். வாடகை உடுப்புக்குப் புள்ளி குடுக்காதேங்கோ. வேசத்தை வீட்டில விடாமல், இரண்டு பின்னேரம் வகுப்பிலயே செய்ய விடுங்கோ. மட்டை, பழஞ்சீலை, கோதுமைமாப் பசை காணும். நடுவர் பிள்ளையிட்ட 'இதை எப்பிடிச் செய்தனீ?' எண்டு கேக்கட்டும், அந்தப் பதிலுக்கும் புள்ளி போடட்டும்.

முடி கோணலாத்தான் இருக்கும். பசை காயாமல் தாடி கழண்டு விழும். விழட்டும். திரும்ப ஒட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு முதற்பரிசைக் குடுங்கோ.