சர் பன்னீர்செல்வம் ஏறிய விமானம்

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவர் மகன் சட்டம் பயின்று வேலூர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். அரசியல் தலைவர் ஒருவர் அவனைத் தமக்கு ஆலோசகராக வரும்படி அழைத்துள்ளாராம். "கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசியல் ஆகுமா?" என்று கேட்கிறார்.

ஆகும் என்பதே திருச்சபையின் விடை. 1965-ஆம் ஆண்டு வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏட்டில், மக்கள் நலனுக்காக அரசியற் பொறுப்பை ஏற்போரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனமுவந்து பாராட்டுகிறது. ஆயினும், ஏட்டில் உள்ளதை வாழ்ந்து காட்டியவர் யார் என்று தந்தையார் கேட்கக்கூடும். நம்மவர் பலரும் மறந்துவிட்ட ஒருவரை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

சர் ஏ.டி. பன்னீர்செல்வம் 1888-இல் தஞ்சைத் தரணியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், நிலக்கிழார், பாரிஸ்டர். வழக்கும் வயலும் அவருக்கு வேண்டிய அளவு இருந்தன. அவற்றோடு நில்லாமல் நீதிக்கட்சியில் சேர்ந்தார். 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவரானார். அக்காலத்தில் தஞ்சை மன்னரின் அறநிதியைக் கொண்டு திருவையாற்றில் நடந்துவந்த கல்லூரி வடமொழிக்கு மட்டுமே உரியதாயிருந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரும் இவரும் முயன்று அங்கே தமிழையும் பாடமாக்கினர். ஒரத்தநாடு, இராசாமடம் ஆகிய ஊர்களின் மாணவர் விடுதிகளைப் பிற சாதியாருக்கும் திறந்துவிட்டவர் இவரே. கோப்பில் இட்ட கையெழுத்து ஏழைப் பிள்ளைக்குச் சோறாக மாறிய அதிசயம் இது!

1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகச் சென்றார். கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்று வாதாடி, டாக்டர் அம்பேத்கர் முதலியோருடன் சிறுபான்மையோர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார். முதல் மாநாட்டிலே உடனிருந்த சேலத்துக் கே.டி. பால் என்னும் கிறிஸ்தவப் பெருமகனார் தனித்தொகுதியை விரும்பவில்லை. அது நம்மை ஏனையோரிடமிருந்து பிரித்துவிடும் என்பது அவர் கருத்து. பால் சொன்னதே சரியென்று எனக்குப் படுகிறது. ஆயினும் ஒரே வேதத்தைக் கைக்கொண்ட இருவர் அரசியலில் வேறுபட்டு நிற்கலாம் என்பதை நம் பங்குப் பேரவைகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லையே!

பின்னர் சென்னை அரசாங்கத்தில் உள்துறைப் பொறுப்பையும் வகித்தார். 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது அதனை எதிர்த்து நின்றார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு கூடிற்று. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியார் ஈ.வெ.ரா. அப்பொழுது சிறையில் இருந்தார். அவருடைய தலைமையுரையை மேடையேறிப் படித்தவர் பன்னீர்செல்வம். கடவுள் இல்லையென்று சொன்னவரின் உரையைக் கத்தோலிக்கர் படிப்பதா என்று முகம் சுளிப்போர் இன்றும் இருப்பர். பெரியாரிடம் அவர் கண்டது தமிழுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் உழைக்கும் உள்ளத்தை. அதற்குத் தோள் கொடுத்தார். அதற்காகத் தம் வேதத்தை விற்கவில்லை.

இலண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசனை கூற மூவருக்குக் குறையாமலும் அறுவருக்கு மிகாமலும் ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்பது 1935-ஆம் ஆண்டுச் சட்டம். அப்பதவிக்கு இவரும் அழைக்கப்பட்டார். கட்டாய இந்தி 1940 பிப்ரவரி 21 அன்று விலக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் புதிய பணியை ஏற்க விமானத்தில் புறப்பட்டார். மார்ச் 1 அன்று, 'ஹானிபல்' என்னும் அவ்விமானம் ஜாஸ்க்கிலிருந்து சார்ஜாவுக்குப் பறக்கையில் ஓமான் வளைகுடாவின் மேல் காணாமற்போயிற்று. எண்மரில் ஒருவரும் மீளவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. மனைவியும் தாயும் மறைந்தபோது கலங்காத தாம் இவர் மறைவால் கலங்கியதாகப் பெரியார் எழுதினார்.

அமிர்தித் தந்தையே! மகனை அழைக்கும் தலைவர் யார், எக்கட்சியினர் என்று தாங்கள் எழுதவில்லை. அதனை நானும் கேட்கவில்லை. அவர் தரும் காகிதங்களில் எதில் தன் மகன் கையெழுத்திட மறுப்பான் என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். உடனே ஒன்றைச் சொல்வானாயின் அனுப்பி வையுங்கள். சொல்லத் தெரியாவிடில் இன்னும் சில ஆண்டுகள் வேலூர் நீதிமன்றத்திலேயே இருக்கட்டும்.

பன்னீர்செல்வத்துக்குக் கல்லறை இல்லை. நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்ற இடமும் இல்லை. ஈரோட்டில் அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. அவ்வூர் மக்கள் அதைச் சுருக்கமாகப் 'பி.எஸ். பார்க்' என்கிறார்கள்.