சந்தா ரேடியோவும் சும்மா ரேடியோவும்

சாட்டிலைட் ரேடியோ மேல இன்னும் ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை.

2000-ல் ஏவின ஏசியாஸ்டார் செயற்கைக்கோளை நம்பி வந்தது வேர்ல்ட்ஸ்பேஸ். ராஜபாளையத்துக்கு மலை மேற்கே. ஆன்டெனா பார்க்க வேண்டியதோ கிழக்கு வானம். அதனால மலை மறைக்கிற தொல்லையே இல்லை. ஆனா 2008-ல் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி திவால் மனு கொடுத்துச்சு. 2009 டிசம்பர் 31-ஓட இந்தியாவில் மூடுவிழா. அந்தச் சேனல்களுக்காகவே வாங்கின பெட்டி ஊமை!

கார்ல? ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பால்கோவா வாங்கிட்டுத் திரும்புறவங்களுக்கு கோடை பண்பலை 100.5 இருக்கே. மலை உச்சியிலிருந்து வருது, சந்தா கிடையாது.

என் கட்சி இதுதான் மக்களே: ஒரு கம்பெனி படுத்தா கூடவே படுக்கிற பெட்டிக்குக் காசு போடாதீங்க. அரசாங்க வானொலியைக் காப்பாத்தினாலே போதும். என்ன சொல்றீங்க?