4 பந்தயம் ஜெயித்தவர் தோற்றார். ஒன்றில் ஜெயித்தவர் சாம்பியன்!

ஒரு வருஷத்தில் 4 பந்தயங்களில் ஜெயித்தவருக்குப் பட்டம் இல்லை. ஒன்றே ஒன்றில் ஜெயித்தவருக்கு உலக சாம்பியன் பட்டம்! இது என்ன கணக்கு?

'பார்முலா ஒன்' கார் பந்தயத்தில் 1958-ம் ஆண்டு நடந்த நிஜச் சம்பவம் இது. விவரம் வருமாறு:-

அந்த ஆண்டு பட்டத்துக்கு மோதியவர்கள் 2 பேர். ஸ்டிர்லிங் மாஸ், மைக் ஹாதர்ன். இருவருமே இங்கிலாந்துக்காரர்கள்.

ஆகஸ்டு மாதம் 24-ந்தேதி, போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரத் தெருக்களில் பந்தயம் நடந்தது. மாஸ் முதலாவது வந்தார். ஹாதர்ன் இரண்டாவது. ஆனால் ஹாதர்னின் கார் வழியில் சுழன்று நின்றுவிட்டது. இறங்கித் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தார். பந்தயப் பாதையில் எதிர்த்திசையில் போனார் என்று அவர் மீது புகார். அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். குற்றம் உறுதியானால் அவர் வாங்கிய 7 புள்ளியும் போச்சு!

சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் மாஸ்தான்! ஹாதர்னின் கார் பாதையில் வரவில்லை, ஓரத்து நடைபாதையில்தான் போனது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். ஹாதர்ன் தப்பித்தார்.

அக்டோபர் 19-ந்தேதி மொராக்கோ நாட்டில் கடைசிப் பந்தயம். அதிலும் மாஸ்தான் ஜெயித்தார். ஆனால் மொத்தக் கணக்கில் ஹாதர்ன் 42, மாஸ் 41. ஒரே ஒரு புள்ளி! அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பட்டம் மாஸ் வீட்டில்.

2 புள்ளிதான் வித்தியாசம்

அப்போது முதலாவது வந்தால் 8 புள்ளி. இரண்டாவது வந்தால் 6. ஹாதர்ன் 5 தடவை இரண்டாவது வந்தார். மாதாமாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிற மாதிரி அவருக்குப் புள்ளி சேர்ந்தது. மாஸ் ஜெயித்தால் ஜெயிப்பார்; இல்லாவிட்டால் கார் பாதியில் மக்கர் செய்யும். நிதானமாக ஓட்டியவருக்கும் மரியாதை வேண்டியதுதான். அதற்காக நாலுக்கு ஒன்று என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பந்தயம் என்பது ஜெயிக்கத்தானே!

மாஸ் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து 4 வருஷம் இரண்டாவது. கடைசி வரை பட்டமே கிடைக்கவில்லை. ஹாதர்னும் பாவம். பட்டம் வாங்கிய கையோடு ஓய்வு பெற்றார். 1959 ஜனவரியில் சாதாரண சாலையில் நடந்த கார் விபத்தில் பலியானார். வயது 29.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008-ம் ஆண்டு முதல் இடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 8 என்று இருந்தது. பிரேசில் வீரர் மாசா 6 பந்தயங்களில் ஜெயித்தார். ஹாமில்டன் ஜெயித்தது 5. பட்டம் ஹாமில்டனுக்கு, 98-க்கு 97! 2010-ல்தான் 25, 18 என்று இடைவெளியைக் கூட்டினார்கள்.

கழித்த புள்ளிகள்

இன்னொரு கூத்தும் உண்டு. பல ஆண்டுகள், வாங்கிய புள்ளி எல்லாவற்றையும் கூட்டமாட்டார்கள். நன்றாக ஓட்டிய சில பந்தயங்கள் மட்டும்தான் கணக்கில் சேரும். வருஷம் பூராவும் வியாபாரம் பார்த்த கடைக்காரரிடம், நல்ல மாதங்களை மட்டும் எழுது, மீதிப் பக்கத்தைக் கிழித்துப்போடு என்றால் விடுவாரா?

1964-ல் கிரகாம் ஹில் வாங்கியது 41 புள்ளி. அதில் 2 கழிந்து 39 ஆனது. ஜான் சர்டீஸ் 40 புள்ளியில் சாம்பியன்!

1988-ல் இதைவிட மோசம். பிரெஞ்சு வீரர் அலென் புரோஸ்ட் சேர்த்தது 105 புள்ளி. பிரேசில் வீரர் செனா 94. 16 பந்தயத்தில் சிறந்த 11 மட்டும் என்ற விதிப்படி கழித்தார்கள். செனா 90, புரோஸ்ட் 87. பட்டம் செனாவுக்கு!

விதி தெரிந்துதானே ஓட்டினார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். செனா ஜெயித்ததும் 8, புரோஸ்டைவிட ஒன்று கூட. அவர் பட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷூமாக்கருக்கு 7, ஹாமில்டனுக்கு 7, பாங்கியோவுக்கு 5 என்று பட்டத்தை மட்டும் எண்ணி, யார் பெரியவர் என்று சண்டை போடுகிறார்களே, அதுதான் சரியில்லை. ஒவ்வொரு காலத்திலும் தராசு வேறு, படிக்கல் வேறு.

1991-ல் எல்லாப் புள்ளியையும் கூட்டுவது என்று விதியை மாற்றினார்கள். புரோஸ்ட் 1993-ல் 4 பட்டத்தோடு ஓய்வு பெற்றார். 1988-லேயே அந்த விதி வந்திருந்தால் அவருக்கும் பாங்கியோ மாதிரி 5.